எத்தனை நிமிடம் ஆடினான்?

"நம்ம பையன்களுக்குப் பசி போயிடுச்சு." ஈப்போ வட்டாரத்தில் தமிழர்கள் நாலு பேர் கூடிக் காற்பந்து பேசினால் இந்த வாக்கியம் வராமல் இருப்பதில்லை. புந்தோங்கில் தேநீர்க்கடை மேசையிலும் கேட்கலாம், சுங்கை சிப்புட்டில் பள்ளி விளையாட்டு நாள் கூடாரத்திலும் கேட்கலாம். அதன் பின்னாலேயே இன்னும் இரண்டு வரும். ஒன்று, "உடம்பு பத்தாது, உயரம் பத்தாது, இந்தக் காலத்து ஆட்டத்துக்கு ஆகாது." மற்றொன்று முடிவுரை மாதிரி: "உண்மையான திறமை இருந்தா எங்க இருந்தாலும் மேல வந்துடுவான்." சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பலர் தோட்டத் திடலில் ஆடி வளர்ந்தவர்கள். தேசிய அணிப் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் வழக்கமாக இடம்பெற்ற காலத்தைப் பார்த்தவர்கள். அவர்களுடைய வருத்தம் நியாயமானது. அவர்கள் சொல்லும் காரணம்தான் தவறு. அந்தத் தவறு பேச்சோடு முடிந்தால் விட்டுவிடலாம். பதினைந்து பதினாறு வயதுப் பையன்களை ஆடவிடாமலே ஓரங்கட்டுவதற்கு அது சாக்காகிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் மறுத்து எழுதுகிறேன்.

இதே நண்பர்கள் வேறோர் இடத்தில் மிகச் சரியாக யோசிக்கிறார்கள். ஆகஸ்ட் வந்தால் இங்கிலாந்து பிரீமியர் லீக் தொடங்கும். அதோடு ஃபேண்டசி லீக்கும் தொடங்கும். கையில் 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணம், 15 ஆட்டக்காரர்களை வாங்க வேண்டும், ஒரு கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. அலுவலக நண்பர்கள் ஒரு லீக், மாமன் மச்சான் எல்லாம் சேர்ந்து ஒரு லீக் என்று நடக்கிறது. விலை குறைந்த புதுப் பையன் ஒருவனை எடுக்கலாமா என்று பேச்சு வரும்போது அங்கே முதல் கேள்வி என்ன? அவன் உயரம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அவன் வீட்டில் கஷ்டமா என்று கேட்பதில்லை. "ஸ்டார்ட் பண்ணுவானா? எத்தனை நிமிஷம் கொடுப்பாங்க?" இதுதான் கேள்வி. விதியே அப்படி. 60 நிமிடம் ஆடினால் 2 புள்ளி, அதற்குக் குறைந்தால் 1, பெஞ்சை விட்டு எழவே இல்லை என்றால் ஒன்றுமில்லை. கோல், கோலுக்குத் தந்த உதவி எல்லாம் அதற்கு அப்புறம்தான். களத்தில் இறங்காதவன் பெரிய மேதையாகவே இருந்தாலும் அவனால் எதையும் காட்ட முடியாது என்பதை ஃபேண்டசி ஆடும் பள்ளி மாணவனும் அறிவான்.

கற்பனை அணிக்கு ஆள் எடுக்கும்போது நிமிடத்தை முதலில் எண்ணுகிற நாம், நம் பிள்ளைகளை எடைபோடும்போது மட்டும் பசியையும் உயரத்தையும் எண்ணுகிறோம். என் வாதம் இதுதான். ஓர் இளம் ஆட்டக்காரன் எவ்வளவு தூரம் போவான் என்பதை, அவன் இதுவரை எவ்வளவு ஆடியிருக்கிறான் என்று கேட்காமல் சொல்ல முடியாது. பேராக்கில் தமிழ்ப் பையன்களுக்குக் குறைந்துபோனது ஆடும் நேரம். அந்தக் குறைவைத்தான் பசி இல்லை என்றும் உடம்பு இல்லை என்றும் பெயர் மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் வெளியே நடந்ததைப் பார்ப்போம். கோல் பால்மர் மான்செஸ்டர் சிட்டி இளையோர் அணியில் வளர்ந்தவர். அந்தக் கிளப்புக்காகப் பிரீமியர் லீக்கில் அவர் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. பெரும்பாலும் பதிலியாக இறங்கியவர், பல நாள் இறங்காமலே இருந்தவர். 2023 செப்டம்பர் 1ஆம் தேதி செல்சிக்கு மாறினார். அந்தப் பருவத்திலேயே லீக்கில் 22 கோல். மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும் நடுவில் ஒருவனுக்குப் புதுக் கால் முளைத்துவிடாது. வாரா வாரம் முதல் பதினொருவரில் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். முந்தைய கோடையில் அவரைப் பார்த்து "இவன் அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தால் அந்த மதிப்பீடு யாரைப் பற்றியது? பால்மரைப் பற்றியது அல்ல. அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பற்றியது.

மார்க்கஸ் ராஷ்ஃபோர்ட் கதை இன்னும் துலக்கமானது. 2016 பிப்ரவரி 25ஆம் தேதி மான்செஸ்டர் யுனைடெட் ஒரு டென்மார்க் அணியோடு ஆட வேண்டும். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கும் பயிற்சியில் அந்தோனி மார்சியாலுக்குக் காயம். கடைசி நிமிடத்தில் 18 வயது ராஷ்ஃபோர்டின் பெயரை எழுதினார்கள். இரண்டு கோல். மூன்று நாள் கழித்து அர்செனலுக்கு எதிராக இன்னும் இரண்டு. மார்சியாலின் கால் அன்று நன்றாக இருந்திருந்தால்? ராஷ்ஃபோர்டின் திறமை எள்ளளவும் குறைந்திருக்காது. ஆனால் அது அவரிடம் இருக்கிறது என்று அன்று யாருக்கும் தெரிந்திருக்காது. திறமை தானாகவே மேலே வரும் என்கிறவர்கள் இந்த ஒரு மாலையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

இளம் ஆட்டக்காரனை ஆடுவதற்கு முன்பே அளந்து முடிக்கும் வழக்கத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய காற்பந்தில் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரணியைப் பிளந்து ஓடுபவரை ரன்னிங் பேக் என்பார்கள். தொழில்முறை அணிகள் புதியவர்களை எடுக்கும் முன் 40 கெஜம் ஓடவிட்டு நேரம் எடுக்கும், எடை பார்க்கும், தாண்டச் சொல்லும், கையின் அளவைக்கூடக் குறித்துக்கொள்ளும். இத்தனை அளந்தும் என்ன ஆனது? டெரல் டேவிஸை 1995 தேர்வில் 196ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். 1998 பருவத்தில் அவர் 2,008 கெஜம் ஓடினார். ஒரே பருவத்தில் 2,000 கெஜத்தைத் தாண்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டிரென்ட் ரிச்சர்ட்சன் 2012 தேர்வில் மூன்றாவது ஆள். அளவுகள் எல்லாம் அவர் பக்கம் இருந்தன. 2014 பருவத்தோடு அந்தத் தொழில்முறை லீக்கில் அவருடைய ஆட்டம் முடிந்துவிட்டது. கருவியும் பணமும் நிபுணர்களும் குவிந்து கிடக்கும் நாட்டிலேயே ஆடவிடாமல் செய்த மதிப்பீடு இவ்வளவு பிசகும் என்றால், ஒரு சனிக்கிழமை காலை விசிலை ஊதி, குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாம் செய்யும் மதிப்பீட்டை எப்படி நம்புவது?

ரிச்சர்ட்சனின் கதை என் பக்கத்தையும் சோதிக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. அவருக்கு நேரம் கிடைக்காமல் இல்லை, நிறையவே கிடைத்தது. ஆடினார், போதவில்லை என்று தெரிந்தது. ஆடவிட்டால் எல்லாரும் மின்னுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருவன் மின்னுவானா மாட்டானா என்பதைக் களத்தில் செலவழித்த நேரம்தான் சொல்ல முடியும் என்கிறேன். அந்த நேரத்தைக் கொடுத்த பிறகு ஒரு பையனைப் போதாது என்று சொன்னால் அது தீர்ப்பு. கொடுக்கும் முன் சொன்னால் வெறும் ஊகம்.

இனி ரப்பர்த் தோட்டத்துக்கு வருவோம். பசிக் கோட்பாட்டின் முழுப் பலமும் அங்கேதான் இருக்கிறது. தோட்டத்தில் வறுமை இருந்தது, வெறுங்காலோடு ஆடினார்கள், அந்த வைராக்கியம்தான் ஆட்டக்காரர்களை உருவாக்கியது என்பது கதை.

தோட்டத்தின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டு. பொழுது புலரும்போது நிரையில் பால்வெட்டு. பிறகு மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து, தூக்கி வந்து, நிறுத்துக் கொடுத்தால் நண்பகலையொட்டி வேலை ஓயும். பையன்கள் காலையிலேயே பள்ளி போய் வந்திருப்பார்கள். பிற்பகல் தாண்டினால் அப்பனுக்கும் ஓய்வு, மகனுக்கும் ஓய்வு. லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் திடல். வாடகை இல்லை, பேருந்து இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு பந்து வந்தால் போதும், பொழுது சாய்ந்து கண்ணுக்குப் பந்து தெரியாமல் போகும்வரை ஆட்டம்.

அதுவும் எப்படிப்பட்ட ஆட்டம்! வயது பிரித்து ஆடவில்லை. பன்னிரண்டு வயதுப் பொடியன், மரம் வெட்டி உரமேறிய இருபத்தைந்து வயது அண்ணனோடு மோத வேண்டும். உடம்பால் மோதினால் தூக்கி எறியப்படுவான். பந்தை ஒரே தொடுகையில் அடக்கி, அண்ணன் நெருங்கும் முன் கைமாற்றிவிடக் கற்றுக்கொண்டால்தான் பிழைப்பான். அவனுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. பெரியவர்கள் நடுவே ஆடிய நேரமே அதைக் கற்றுக்கொடுத்தது. வாரக் கடைசியில் பக்கத்துத் தோட்டத்தோடு பந்தயம். அங்கே கிராணியும் தண்டலும் ஊராரும் எல்லைக் கோட்டில் நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன் ஆடுவது இன்னொரு பாடம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்தால் பன்னிரண்டு மணி நேரம். இன்று ஒரு பையன் வாரம் இரண்டு முறை ஒன்றரை மணி நேரப் பயிற்சிக்குப் போனால் மூன்று மணி நேரம். அதிலும் வரிசையில் நின்று தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரம் பாதி. நான்கு மடங்கு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு மன உறுதியைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

வறுமைதான் ஆட்டக்காரனைப் படைக்கிறது என்றால், இன்னொரு கேள்விக்கும் பதில் வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. அங்கிருந்து வெளியேறிய குடும்பங்கள் எங்கே போயின? ஈப்போவைச் சுற்றிய மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் நெருக்கமான தாமான்களுக்கும் போயின. அங்கே வறுமை தீர்ந்துவிடவில்லை. அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார், மாதக் கடைசியில் கையில் ஒன்றுமில்லை. பசியே போதும் என்றால் அந்த அடுக்குமாடிகளிலிருந்து ஆட்டக்காரர்கள் பொங்கி வழிந்திருக்க வேண்டும். வழியவில்லை. கூடவே வந்த வறுமை திடலைக் கொண்டுவரவில்லை. கீழே கார் நிறுத்துமிடம் இருக்கிறது, பந்து காரில் பட்டால் சண்டை வருகிறது. ஃபுட்சால் கூடத்துக்குப் போனால் மணிக்கணக்கில் வாடகை. தோட்டத்தில் இலவசமாகக் கிடைத்த ஒன்று பட்டணத்தில் விலைக்கு வந்துவிட்டது, அந்த விலையைக் கொடுக்க முடியாதவன் மகனைப் பார்த்துப் பசி இல்லாதவன் என்கிறோம். இதைவிடக் கொடுமையான பேச்சு எனக்குத் தெரியவில்லை.

கைப்பேசியைக் குறை சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். திடல் இருக்கும் இடத்தில் பையன்கள் மாலையில் கைப்பேசியை யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓடுவதை இன்றும் பார்க்கிறேன். திடல் இல்லாத இடத்தில்தான் அது கையோடு ஒட்டிக்கொள்கிறது.

அடுத்து உடம்பு. "சின்னப் பையன், தாங்க மாட்டான்" என்று பன்னிரண்டு வயதில் ஒதுக்குகிறார்களே, அந்தச் சின்னப் பையனின் பிறந்த தேதியை யாராவது கேட்டிருக்கிறார்களா? வயதுப் பிரிவு ஜனவரி 1ஆம் தேதியை வைத்துக் கணக்கிடப்படும் இடத்தில், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். பன்னிரண்டு வயதில் ஏறக்குறைய ஓர் ஆண்டு வித்தியாசம் என்பது எலும்பில் தெரியும், தோளில் தெரியும், ஓட்டத்தில் தெரியும். கனடாவின் பனி ஹாக்கியில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் 1985-லேயே எடுத்துக்காட்டினார்கள். பெல்ஜியத்தில் நடந்தது அதைவிட வலுவான சான்று. அங்கே இளையோர் காற்பந்துக்கான வயதுக் கணக்கு ஆகஸ்டில் தொடங்கிக்கொண்டிருந்தது. 1997-இல் அதை ஜனவரிக்கு மாற்றினார்கள். உடனே தேர்வாகும் பையன்களின் பிறந்த மாதமும் இடம்மாறியது. முன்பு ஆகஸ்டை ஒட்டிப் பிறந்தவர்கள் "திறமைசாலிகள்", பிறகு ஜனவரியை ஒட்டிப் பிறந்தவர்கள். நாட்டின் திறமை ஒரே ஆண்டில் மாதம் மாறிப் பிறக்குமா? தேர்வாளர்கள் திறமை என்று நினைத்துக் கண்டுபிடித்தது பெரும்பகுதி முதலில் வளர்ந்த உடம்பைத்தான்.

முதலில் வளர்ந்தவனுக்கு இடம் கிடைக்கிறது. இடம் கிடைத்தவனுக்குப் பயிற்சியும் ஆட்டமும் கிடைக்கின்றன. மூன்று ஆண்டு கழித்து அவன் உண்மையிலேயே மேலானவனாக இருக்கிறான். "பார்த்தாயா, அன்றைக்கே சொன்னேன்" என்கிறார் தேர்வாளர். அவர் கணித்தது நடக்கவில்லை, அவர் கொடுத்தது விளைந்திருக்கிறது. டிசம்பர்ப் பையனுக்கு அதே மூன்று ஆண்டுகளைக் கொடுத்திருந்தால் அவன் என்ன ஆகியிருப்பான் என்பது யாருக்கும் தெரியப் போவதில்லை.

தேர்வு நாள் ஒன்றை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். நூறு பையன்களுக்கு மேல் வந்திருப்பார்கள். நெஞ்சில் எண் எழுதிய துணி. எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேட்டால் பாதிப் பேர் முன்கள ஆட்டக்காரன் என்பார்கள். அதனால் பலரை இடது தற்காப்பில் தள்ளிவிடுவார்கள். ஆளுக்குப் பதினைந்து, இருபது நிமிடம். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் ஒரே அணியில். யாரும் யாருக்கும் பந்து கொடுப்பதில்லை, ஏனென்றால் எல்லாரும் தன்னைக் காட்ட வந்தவர்கள். அந்தக் குழப்பத்தில் கண்ணில் படுகிறவன் யார்? பந்தை எட்டி உதைக்கிறவன், ஓடிப் பிடிக்கிறவன், உயரமானவன். முதல் தொடுகை அழகாக உள்ளவன், அடுத்து யாருக்குக் கொடுக்கலாம் என்று பந்து வருமுன்பே பார்த்து வைத்திருப்பவன், அந்த இருபது நிமிடத்தில் மூன்று முறை பந்தைத் தொட்டிருப்பான். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தோட்டத்து ஆட்கள் நாம், நமக்கு ஓர் உண்மை கைப்பழக்கமாகத் தெரியும். ரப்பர்க் கன்றை நட்டுவிட்டு ஆறு மாதத்தில் பால் இல்லை என்று யாரும் பிடுங்கி எறிந்ததில்லை. ஐந்தாறு ஆண்டு காத்திருந்து, அடிமரத்தின் சுற்றளவு 50 செண்டிமீட்டரை நெருங்கிய பிறகுதான் முதல் வெட்டுப் போட்டோம். மரத்துக்குக் காட்டிய பொறுமையைப் பிள்ளைக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மூன்றாவது வாதம்தான் பார்வைக்கு மிக நியாயமானது. உண்மையான திறமை எப்படியும் மேலே வந்துவிடும். இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் ஜேமி வார்டி. உடம்பு சிறிசு என்று 16 வயதில் ஷெஃபீல்டு வென்ஸ்டே கிளப் அவரைக் கழித்துவிட்டது. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சிறிய கிளப்புகளில் ஆடினார். 2012-இல் லெஸ்டர் சிட்டி வாங்கியது. 2015-இல் பிரீமியர் லீக்கில் தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் போட்டார். 2016-இல் லெஸ்டர் லீக் வெற்றியாளர். "பார், திறமை வந்துவிட்டதே!"

வந்தது, எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். கழிக்கப்பட்ட பிறகு அவருக்குப் போக ஓர் இடம் இருந்தது. ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சிறிய ஊர்க் கிளப், அது ஆடும் ஒரு கீழ்மட்ட லீக், அந்த லீக்குக்கு ஆண்டு முழுதும் ஓர் அட்டவணை. அங்கிருந்து ஹாலிஃபாக்ஸ், ஃபிளீட்வுட் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். ஒவ்வொரு படியிலும் ஒரு பருவம் முழுக்க ஆட ஆட்டம் இருந்தது. அந்த ஏணி இல்லாத நாட்டில் வார்டி பிறந்திருந்தால் அவர் தொழிற்சாலையிலேயே ஓய்வு பெற்றிருப்பார். அவர் திறமையைக் குறைத்துப் பேசவில்லை. திறமை ஏறுவதற்குப் படி வேண்டும் என்கிறேன்.

நம் படிகளை எண்ணுவோம். மலேசிய பிரீமியர் லீக் என்ற இரண்டாம் நிலை லீக் 2022 பருவத்தோடு நின்றது. இந்தியச் சமூகத்தின் விளையாட்டு அமைப்புகள் வழியே எழுந்து, பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீக்கில் ஆடிய அணி, 2021-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர்களே இல்லாமல் உள்ளூர்ப் பையன்களை வைத்து ஆடியது. அது பெரிய துணிச்சல். அந்த அணியும் 2022-க்குப் பிறகு இல்லை. நம் பேராக் அணி 2018-இல் மலேசியக் கிண்ணத்தை வென்றது. திரெங்கானுவோடு 3-3 என்று முடிந்து பெனால்டியில் வென்ற அந்த இரவை ஈப்போக்காரர்கள் மறக்கவில்லை. மூன்றே ஆண்டில், 2021-இல், சூப்பர் லீக்கிலிருந்து இறங்கியது. 2025-இல் லீக்கிலிருந்தே விலகியது. சொந்த மாநிலத்தின் மூத்த அணியே இல்லாத ஊரில் பதினெட்டு வயதுப் பையன் எந்த அணியின் பெஞ்சில் உட்கார்ந்து, யாருக்குக் காயம்பட்டால் இறங்குவான்? ராஷ்ஃபோர்டுக்குக் கிடைத்த மாலை இங்கே எவனுக்கும் கிடைக்க வழியில்லை.

மேலே இருப்பவர்களும் இதே நம்பிக்கையில்தான் இருக்கிறார்கள். நம் மண்ணில் ஆள் இல்லை என்று முடிவு கட்டினால் வெளியே தேடத் தோன்றும். 2025 செப்டம்பரில் பரம்பரை ஆவணங்கள் பொய்யானவை என்று கண்டு, தேசிய அணிக்குக் கொண்டுவரப்பட்ட ஏழு ஆட்டக்காரர்களுக்கு ஃபிஃபா ஒழுங்குக் குழு 12 மாதத் தடை விதித்தது, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கும் அபராதம் போட்டது. நாடே தலைகுனிந்தது. அந்த விவகாரத்தின் அடியில் இருந்ததும் இந்த எண்ணம்தான். இங்கே பிறந்த பையன்களுக்கு நேரம் கொடுத்துப் பார்க்காமலே அவர்களால் ஆகாது என்று தீர்மானித்துவிட்டோம்.

எஸ். குணாளனைக் காட்டி என்னை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. 2010-இல் கே. ராஜகோபால் பயிற்சியில் ஏ.எஃப்.எஃப். சுசுகி கிண்ணத்தை வென்ற அணியில் ஓரத்தில் பறந்து ஆடியவர் குணாளன். "அவர் வந்தாரே?" வந்தார். எத்தனை பருவம் தொடர்ந்து ஆடிய பிறகு எப்படி வளர்ந்தார் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். முன்னே ஓடிக்கொண்டிருந்தவர், ஜொகூர் டாருல் தாசிம் அணியில் வலப்புறத் தற்காப்புக்கு மாறி, அங்கே ஆண்டுக்கணக்கில் நிலைத்தார். பதினாறு வயதில் அவரைப் பார்த்த எந்தத் தேர்வாளர் இவர் நல்ல தற்காப்பு ஆட்டக்காரர் ஆவார் என்று எழுதியிருக்க முடியும்? ஆடிக்கொண்டே இருந்ததால்தான் அது தெரிந்தது. குணாளன் என் வாதத்துக்கே சாட்சி.

"எல்லாம் பாகுபாடுதான், தமிழன் பெயரைப் பார்த்தாலே வெட்டிவிடுகிறார்கள்" என்று முற்றிலும் வேறு பக்கத்திலிருந்து ஒரு பதில் வரும். அப்படி நடப்பதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த வலியோடு வீடு திரும்பிய பெற்றோர்களை எனக்குத் தெரியும். ஆனால் மாநிலத் தேர்வாளரின் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே, நம் கைக்குள் இருக்கும் இடங்களிலேயே நம் பையன்கள் நேரத்தை இழந்துவிடுகிறார்கள். அதற்கு வெளியாரைக் கை காட்ட முடியாது.

பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டங்கள் காலியானதால் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை சுருங்கிவிட்டது, சிலவற்றில் முப்பது பேர்கூட இல்லை. ஆறு வகுப்பும் சேர்ந்து முப்பது பேர், அதில் பாதி பெண் பிள்ளைகள் என்றால், மாவட்டப் போட்டிக்கு ஓர் அணியை எப்படித் திரட்டுவது? அந்தப் பள்ளியில் பிறவி மேதை ஒருவன் இருந்தாலும் அவன் மாவட்டத் திடலில் கால் வைக்காமலே இடைநிலைப் பள்ளிக்குப் போவான். அங்கே ஏற்கெனவே மூன்று ஆண்டு போட்டியாடிய பையன்களோடு நிற்பான். "தமிழ்ப்பள்ளிப் பையன், ஆட்டம் பத்தாது" என்பார்கள்.

அடுத்து நம் சங்கங்கள். இளைஞர் மன்றங்களும் கோயில் குழுக்களும் நடத்தும் கிண்ணப் போட்டிகளுக்குக் குறைவே இல்லை. ஒரு ஞாயிறு, பதினாறு அணிகள், தோற்றால் வெளியே. காலை ஒன்பது மணிக்கு ஆள் வந்து, பத்தரைக்கு எட்டு அணிகள் வீட்டுக்குப் போகும். இருபது நிமிட ஆட்டம் ஒன்றுதான் அவர்களுடைய ஆண்டு. மாலையில் பிரமுகர் வருவார், மாலை போடுவார்கள், ஆளுயரக் கிண்ணம் கைமாறும். பதினாறு அணிகள் நேரடி வெளியேற்ற முறையில் ஆடினால் மொத்தம் 15 ஆட்டம். அதே பதினாறு அணிகளை எட்டு எட்டாகப் பிரித்து லீக்காக ஆடவிட்டால் 56 ஆட்டம், ஒவ்வோர் அணிக்கும் ஏழு. கிண்ணத்துக்கும் கூடாரத்துக்கும் விருந்துக்கும் செலவழிக்கும் பணத்தில் இரண்டு மாதச் சனிக்கிழமைகளுக்குத் திடல் வாடகையும் நடுவர் படியும் கொடுத்துவிடலாம். நல்ல எண்ணத்தோடு நடத்துகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பலவீனமான அணிக்குத்தான் அதிக ஆட்டம் வேண்டும், அதைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புகிறோம்.

பெற்றோர் டியூஷனுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்ற குறையும் உண்டு. அந்தப் பெற்றோரைப் பழிக்க நான் தயாரில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களுக்குப் படிப்புதான் மிஞ்சிய ஏணி. மகன் வாரா வாரம் உட்கார்ந்து பார்ப்பதற்காகப் பத்து மைல் வண்டி ஓட்டிக் கொண்டுவிட எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? அவன் ஆடுவான் என்ற உறுதியைக் கொடுங்கள், தகப்பன் வருவார்.

ஆகவே சங்கங்களிடமும் பள்ளி வாரியங்களிடமும் பயிற்றுநர்களிடமும் வெளிப்படையாகக் கேட்கிறேன். மாணவர் குறைந்த தமிழ்ப்பள்ளிகளை மூன்று நான்காகச் சேர்த்து ஓர் அணியாக ஆடவிடுங்கள். செம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், சுங்கை சிப்புட் பள்ளிகள் ஒன்றுக்கொன்று தூரமில்லை. வெளியேற்றக் கிண்ணங்களை லீக்காக மாற்றுங்கள். பதினைந்து வயதுக்குக் கீழ், வந்திருக்கும் ஒவ்வொரு பையனும் பாதி ஆட்டமாவது ஆடியே தீரவேண்டும் என்று விதி எழுதுங்கள். அதனால் ஓர் ஆட்டம் தோற்கலாம், தோற்றுவிட்டுப் போகட்டும். தேர்வு நடத்தினால் பிறந்த மாதத்தைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதி, ஆண்டின் பின்பாதியில் பிறந்தவர்களைத் தனியாக ஒருமுறை ஆடவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, எந்த ஆட்டத்தில், எந்த இடத்தில், எத்தனை நிமிடம் ஆடினான் என்று பதியுங்கள். கோலை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

பணம் எங்கே என்று கேட்காதீர்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளிகள் சிறு சிறு தவணையாகப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். பால்வெட்டுக் கூலியில் மிச்சம் பிடித்து நிலம் வாங்கிய சமூகம், தன் பேரப்பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தோறும் ஒரு திடலை வாடகைக்கு எடுக்க முடியாத சமூகமாகிவிடவில்லை.

இதையெல்லாம் செய்து ஐந்தாறு ஆண்டு ஆடவிட்ட பிறகும் ஒருவனும் தேறவில்லை என்றால், அன்றைக்கு வந்து பசி இல்லை, உடம்பு இல்லை என்று சொல்லுங்கள், மறுக்காமல் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, யாராவது ஒரு பையனைக் காட்டி "இவன் தேறமாட்டான்" என்றால், ஃபேண்டசி அணிக்கு ஆள் எடுக்கும்போது கேட்கும் அதே கேள்வியை அவரிடம் கேளுங்கள். இதுவரை எத்தனை நிமிடம் ஆடினான்? பதில் சொல்லத் தெரியாதவருக்கு அவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதியும் இல்லை.